அத்தியாயம் 4: ஊட்டிக் குளிரும் ஓவர்கிளாக்கும்

கணினி கட்டித் தரச் சொல்லி வரும் பிள்ளைகள் என்னிடம் ஓவர்கிளாக் பற்றி, அதாவது பிராசஸரை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது பற்றி, திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: "அண்ணா, கீழ கோயம்புத்தூர்ல அந்த வெயில்ல இருக்கிறவங்களே ஓவர்கிளாக் பண்றாங்க. நம்ம ஊர்ல வருஷம் பூரா ஏசி போட்ட மாதிரிதானே இருக்கு. நாம இன்னும் கொஞ்சம் கூட ஏத்தலாம்ல?"

ஏற்றலாம். ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு ஏறாது. அதை நம்பி ஒரு ரூபாய்கூட அதிகமாகச் செலவழிக்கவும் கூடாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரிந்துவிட்டால், எந்தப் பாகத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்ற கணக்கும் தானாக வந்துவிடும். அதனால் பாகங்களுக்குப் போகுமுன் காற்றைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பது எல்லா வீட்டிலும் தெரியும். நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 76 சதவீதம்தான். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. 1,850 மீட்டரில் இருக்கும் குன்னூரில் அழுத்தம் 80 சதவீதம். பருப்பை வேகவிடாத அதே மெலிந்த காற்றுதான் உங்கள் பிராசஸரையும் குளிர வைக்க வேண்டும். விசிறி நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றினாலும், அது தள்ளும் காற்றில் கனம் குறைவு. கனம் குறைந்த காற்று குறைந்த சூட்டைத்தான் சுமந்து போகும்.

இதைக் கணக்காகப் பாருங்கள். கோவையில் 34 டிகிரி அறையில், விளையாடும்போது பிராசஸரின் சூடு அறையைவிட 45 டிகிரி கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 79. அதே பெட்டியை ஊட்டிக்குக் கொண்டுவந்து, ஏப்ரல் மதியம் 22 டிகிரி அறையில் வைத்தால், 22 கூட்டல் 45 என்று 67 வரும் என்றுதான் மனம் போடும். ஆனால் அந்த 45 இங்கே 50, 52 ஆகிவிடும். ஆக 72லிருந்து 74 வரை. அறை 12 டிகிரி குளிர்ந்தும் சிப்புக்குக் கிடைத்தது ஐந்தாறு டிகிரிதான். மீதியை மெலிந்த காற்று எடுத்துக்கொண்டது. ஜனவரி இரவில் அறை 8 டிகிரிக்குப் போகும்போது லாபம் பெரிதாகத் தெரியும். அந்த இரவை நம்பி வருடம் முழுவதற்குமான செட்டிங் வைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

ஓவர்கிளாக் ஏன் இவ்வளவு புகழ்பெற்றது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1998இல் இன்டெல் விற்ற செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ் சிப். மதர்போர்டில் பஸ் வேகத்தை 66இலிருந்து 100க்கு மாற்றினால் அது 450இல் ஓடியது. காசு கொடுக்காமலே 50 சதவீத வேகம்! கையில் காசில்லாதவர்களுக்கு அது பெரிய வரமாக இருந்தது. இன்றைய சிப்புகளில் அந்த இடைவெளி இல்லை. சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கும்வரை அவை தாங்களே வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன. பூஸ்ட் என்பது அதுதான். ஆகவே ஊட்டிக் குளிரில் கிடைக்கும் அந்த ஐந்தாறு டிகிரியை நீங்கள் எதையும் தொடாமலே உங்கள் சிப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது.

அதற்கு மேலும் தள்ளினால் என்ன விலை? சிப் உமிழும் சூடு, வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். வேகத்தை 10 சதவீதம் கூட்ட வோல்டேஜையும் 10 சதவீதம் கூட்ட வேண்டியிருந்தால், 1.1 பெருக்கல் 1.21, அதாவது 33 சதவீதம் கூடுதல் சூடு. ரைசன் 5 5600 சாதாரணமாக 76 வாட் வரை இழுக்கும் சிப்; இந்தக் கணக்கில் அது 100 வாட்டைத் தொடும். திரையில் கிடைப்பதோ பெரும்பாலான விளையாட்டுகளில் ஒன்றுமில்லை. பட்ஜெட் கணினியில் இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான், பிராசஸர் அல்ல.

காசை எங்கே போடுவது

இந்த மலையில் கணினி வாங்கும் காசு எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். பச்சைத் தேயிலை கிலோவுக்கு ஓரிரு ரூபாய் இறங்கினாலே வீட்டுக் கணக்கு மாறிப்போகிற படுகர் ஊர்களான ஹட்டிகளில் இருந்தும், எஸ்டேட் லைன் வீடுகளில் இருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். ஒருமுறை வாங்கியதை ஐந்தாறு வருடம் ஓட்ட வேண்டும். பழுதானால் கோவைக்கு அனுப்பி, அங்கிருந்து கம்பெனிக்குப் போய், திரும்பி மலையேறி வர வாரக்கணக்கில் ஆகும். என் தேர்வுகள் எல்லாம் இந்த இரண்டையும் மனதில் வைத்துச் செய்தவை.

எல்லாரும் கடைசியில் மிச்சக் காசில் வாங்கும் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியை, நான் முதலில் எழுதுகிறேன். என் முதல் கணினியில் இருந்தது கேபினெட்டோடு இலவசமாக வந்த பெயரில்லாத எஸ்எம்பிஎஸ். ஒரு மழை மாலையில் மின்சாரம் போய்ப் போய் வந்தது. மூன்றாம் முறை வந்தபோது ஒரு சத்தம், ஒரு கருகல் நாற்றம். மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் அது கூடவே கொண்டு போனது. அந்த மாலையில் போன படங்கள் இன்றுவரை திரும்பக் கிடைக்கவில்லை.

மலையில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. காற்று மெலியும்போது அதன் மின்காப்புத் திறனும் குறைகிறது. ஒரே வோல்டேஜுக்கு, கீழே தாவாத தீப்பொறி மேலே தாவக்கூடும். மின்சாதனப் பாதுகாப்புத் தரங்கள் 2,000 மீட்டர் உயரத்தை அடிப்படையாக வைத்து உள்ளே கம்பிகளுக்கும் சர்க்யூட் தடங்களுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று வகுக்கின்றன. அதற்கு மேல் கூடுதல் இடைவெளி கேட்கின்றன. சில அடாப்டர்களின் அடியில் முக்கோணத்துக்குள் மலை வரைந்து, 2,000 மீட்டர் என்று குறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பொருள் இதுதான். குன்னூரும் கூடலூரும் அந்தக் கோட்டுக்குக் கீழே. ஊட்டி மேலே. நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ்களில் போதுமான இடைவெளி இருக்கும், சில 5,000 மீட்டர் வரை என்றே குறித்து வரும். மலிவுச் சரக்கில் இடைவெளியைத்தான் முதலில் சுருக்குவார்கள். அதோடு ஈரமும் தூசியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே சொன்னேன். 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கல) முத்திரை, ஐந்து வருட வாரன்டி, 500 அல்லது 550 வாட். இதற்குக் குறைத்து வாங்காதீர்கள்.

550 வாட் போதுமா என்றால் போதும். ஐ5-12400 பிராசஸர் உச்சத்தில் 117 வாட். ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட். மற்றதெல்லாம் சேர்ந்து 50. மொத்தம் 300 வாட். எஸ்எம்பிஎஸ் பாதிச் சுமையில் ஓடும்போது சூடும் சத்தமும் குறைவு.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. மொத்தக் காசில் முப்பத்தைந்திலிருந்து நாற்பது சதவீதம் இதற்கே. 1080பி திரைக்கு ஆர்எக்ஸ் 6600 பல காலமாக என் முதல் தேர்வு. 8 ஜிபி நினைவகம், குறைந்த மின்சாரம். கொஞ்சம் கூடக் காசிருந்தால் 115 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 4060. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். அது நான்கு பிசிஐஇ பாதைகளில் மட்டும் பேசும் கார்டு. பழைய மதர்போர்டில் போட்டால் பாதி மூச்சில் ஓடும். பழைய கார்டு வாங்குபவர்கள் கவனிக்க: 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முறையைக் கைவிட்டபோது, இரவும் பகலும் ஓடிய கார்டுகள் சந்தைக்குக் கொட்டின. அவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. விற்பவர் கண் முன்னாலேயே அரை மணி நேரம் விளையாட்டு ஓட்டிக் காட்டாவிட்டால் காசைக் கொடுக்காதீர்கள். தூசி தட்டித் துடைத்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பிராசஸரில்தான் நான் கீழே இருப்பவர்களோடு முரண்படுகிறேன். பட்ஜெட் என்றாலே எல்லாரும் ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப் என்று சொல்வார்கள். அந்தக் கடைசி எஃப் எழுத்துக்கு, உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். கொஞ்சம் காசு மிச்சம். சென்னையில், கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு பக்கத்தில் இருந்தால் சரி. நம் ஊரில் கிராபிக்ஸ் கார்டு வாரன்டிக்குப் போனால் மூன்று வாரமோ ஆறு வாரமோ, அதுவரை எஃப் சிப் உள்ள கணினி திரையே காட்டாது. எஃப் இல்லாத சிப்பாக இருந்தால் படிக்கலாம், ஆன்லைன் வகுப்புப் பார்க்கலாம், வாலரன்ட் போன்ற லேசான விளையாட்டைக் குறைந்த செட்டிங்கில் ஓட்டலாம். அந்தக் கூடுதல் காசு, காப்பீடு மாதிரி.

இப்போதைக்குக் கார்டு வாங்கவே காசில்லை என்பவர்களுக்கு ரைசன் 5 5600ஜி. உள்ளே இருக்கும் வேகா கிராபிக்ஸ் ஜிடிஏ 5ஐ நடுத்தரமாகவே ஓட்டும். அடுத்த வருடம் போனஸ் வந்ததும் கார்டு சேர்த்துக்கொள்ளலாம். வெறும் 5600 இன்னும் வேகமானதுதான், ஆனால் அதில் கிராபிக்ஸ் இல்லை. கார்டு இல்லாமல் ஓடாது.

ஓவர்கிளாக் செய்யவே வேண்டும் என்று நினைப்பவர் இன்டெல்லில் கே எழுத்துள்ள சிப்பும் இசட் வரிசை மதர்போர்டும் வாங்க வேண்டும். எச்610, பி660, பி760 போர்டுகளில் பிராசஸர் வேகத்தைக் கூட்ட வழியில்லை. ஏஎம்டியில் ரைசன் சிப்புகள் பெரும்பாலும் பூட்டாதவை. ஆனால் ஏ320, ஏ520 போர்டுகள் அனுமதிக்காது, பி450, பி550 அனுமதிக்கும். இன்டெல் பாதையில் சிப்புக்கு, போர்டுக்கு, பெரிய கூலருக்கு என்று சேர்த்தால் ஆகும் கூடுதல் செலவை கிராபிக்ஸ் கார்டில் போட்டுப் பாருங்கள். ஒரு படி மேலான கார்டே வந்துவிடும். எத்தனை பேருக்குக் கட்டிக் கொடுத்தும் இந்தக் கணக்கு எனக்கு ஒருமுறைகூட மாறவில்லை.

ரேம் 8 ஜிபி குச்சிகள் இரண்டு. 16 ஜிபி ஒரே குச்சியாக வேண்டாம், இரண்டு சேனலில் ஓடும்போது கிடைக்கும் வேகம் கண்ணுக்கே தெரியும். 5600ஜி வாங்குபவர்களுக்கு இது உயிர்நாடி. 2025 இறுதியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது, ஆகவே விலையைப் பார்த்து வாங்குங்கள். எஸ்எஸ்டி 500 ஜிபிக்குக் குறையாமல். ஒரு பெரிய விளையாட்டே 100 ஜிபி கேட்கிறது. கேபினெட்டுக்கு முன்பக்கம் வலை இருக்க வேண்டும். கண்ணாடி மூடியது வேண்டாம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததால், அலுவலகங்கள் கழித்த பழைய பிராண்டட் கணினிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் எஸ்எம்பிஎஸ் மாற்றுவது கடினம், கார்டுக்குத் தனி வயர் இருக்காது. 75 வாட்டை ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும் ஜிடிஎக்ஸ் 1650 போன்ற கார்டுதான் பொருந்தும். கேபினெட் ஒல்லியானதென்றால் கார்டின் உயரத்தையும் அளந்துவிட்டு வாங்குங்கள்.

பனியும் மழையும் மின்சாரமும்

மேகம் சன்னல் வழியாக அறைக்குள் வந்து போகிற ஊரில் ஈரத்துக்கு எல்லாரும் பயப்படுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்கு அந்தப் பயம் வேண்டாம். 10 டிகிரி அறையில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, கேபினெட்டுக்குள் போய் 30 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 26 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கணினி தன்னைத் தானே உலர்த்திக்கொள்கிறது. அணைந்து கிடக்கும் கணினிதான் ஆபத்தில் இருக்கிறது. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த பெட்டி; காலையில் அடுப்பு பற்றி, குளிக்க வெந்நீர் கொதித்து, ஆவி ஏறிய காற்று அறைக்குள் வரும். வெளியிலிருந்து சமையலறைக்குள் நுழைந்தவரின் மூக்குக்கண்ணாடி மங்குவதைப் போல, உள்ளே உலோகத்தின் மேல் நீர் படியும்.

அதனால் சமையலறையோடு ஒட்டிய சுவரில் வைக்காதீர்கள். வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சிப் பக்கமும், வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் தினமும் அரை மணி நேரமாவது கணினி ஓடட்டும். ஊருக்குப் போய்ப் பல நாள் கழித்துத் திரும்பினால், அறை வெதுவெதுப்பாகி ஒரு மணி நேரம் ஆன பிறகே பட்டனை அழுத்துங்கள். குமுட்டி அடுப்பு எரியும் அறையில் கணினி வேண்டாம். கரிப்புகையும் ஈரமும் சேர்ந்து ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் பசைபோல் ஒட்டும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி காலைகளில் விசிறி முதல் ஒரு நிமிடம் கரகரக்கலாம். பேரிங்கில் இருக்கும் எண்ணெய் கெட்டியாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

மின்சாரம்தான் பெரிய கவலை. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இலேயே ஓடத் தொடங்கிய மலை இது. ஆனாலும் ஒரு கற்பூர மரம் கம்பியில் சாய்ந்தால் கிராமமே இருண்டுவிடுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் மின்சாரம் நாள்கணக்கில் வராது, வரும்போதும் ஏறி இறங்கித்தான் வரும். மாலையில் எல்லா வீட்டிலும் கீசரும் ஹீட்டரும் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். 1,000 விஏ அளவிலான, வோல்டேஜைச் சீர்செய்யும் யுபிஎஸ் ஒன்று கட்டாயம். ஆற அமரச் சேமித்து அணைக்கிற நேரம் கிடைத்தால் போதும். எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். லைன் வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், பின்னால் எர்த் வயரே இருக்காது. இடி இடித்தால் பிளக்கையும் இன்டர்நெட் வயரையும் சேர்த்தே பிடுங்கிவிடுங்கள்.

குளிரை எப்படிப் பயன்படுத்துவது

இவ்வளவும் ஆன பிறகு, இருக்கிற பாகங்களிலிருந்து காசில்லாமல் எடுக்கக்கூடியதை எடுக்கலாம்.

முதலில் பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை இயக்குங்கள். 3200 என்று எழுதி வாங்கிய ரேம், அதைச் செய்யும்வரை பல போர்டுகளில் 2400இலோ 2666இலோதான் ஓடிக்கொண்டிருக்கும். பலர் வருடக்கணக்கில் இது தெரியாமலே விளையாடுகிறார்கள். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஒரு இரவு ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் ஒரு படி இறக்குங்கள்.

இரண்டாவது, கிராபிக்ஸ் கார்டின் வோல்டேஜைக் குறைப்பது. ஆம், கூட்டுவதல்ல. ஏஎம்டி கார்டுக்கு அதனுடைய அட்ரினலின் மென்பொருள், மற்றவற்றுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர். வேகத்தை அப்படியே விட்டு, வோல்டேஜை 25 மில்லிவோல்ட் படிகளாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் உங்களுக்குப் பிடித்த கனமான விளையாட்டை ஓட்டுங்கள். திரை சிமிட்டினாலோ விளையாட்டு விழுந்தாலோ இரண்டு படி மேலே வந்து நிறுத்துங்கள். விசிறிச் சத்தம் அடங்கும், சூடு குறையும், அந்த இடத்தில் பூஸ்ட் தானாக உயரும். மலையில் கிடைக்கும் குளிருக்கு நான் கண்ட சிறந்த பயன் இதுதான்.

ரைசன் 5000 வரிசைக்காரர்கள் பி450, பி550 போர்டின் பயாஸில் பூஸ்ட் செட்டிங்கான பிபிஓவைத் திறந்து, பிராசஸர் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10இலிருந்து தொடங்கலாம். மைனஸ் 15, 20 வரை பல சிப்புகள் தாங்கும். உங்கள் நண்பனின் சிப் 25இல் நிற்கிறது என்பதற்காக உங்களுடையது நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு மாதிரி.

மின் கட்டணத்தையும் பாருங்கள். 300 வாட், தினம் நான்கு மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். அரசு வீடுகளுக்குத் தரும் இலவச யூனிட்டில் கணிசமான பகுதி அதிலேயே போய்விடும். ஓவர்கிளாக்கில் 60 வாட் கூடினால் இன்னும் 14 யூனிட். வோல்டேஜைக் குறைத்து 30 வாட் மிச்சப்படுத்தினால் 7 யூனிட் திரும்ப வரும். அம்மா அப்பாவிடம் கணினிக்கு அனுமதி கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும்.

செட்டிங் நிலையானதா என்பதை எப்போது சோதிக்கிறீர்கள் என்பது, எதைக்கொண்டு சோதிக்கிறீர்கள் என்பதைவிட முக்கியம். ஜனவரி இரவில் ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளில் இரண்டு மணி நேரம் தாங்கிய செட்டிங், மே மாத மதியத்தில் பத்து நிமிடத்தில் விழுந்ததை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். 2024 ஏப்ரல் இறுதியில் ஊட்டியிலேயே 29 டிகிரி பதிவானது. குளிர்காலத்தில் கட்டினால், சன்னலை மூடி, ஹீட்டர் போட்டு, அறையை 28 டிகிரிக்குக் கொண்டுவந்து சோதியுங்கள். சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் பக்கத்தில் திறந்து வைத்து, பிராசஸர் 85ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் ஒரு படி பின்வாங்குங்கள்.

ஜூன் வந்தால் பாதிப் பிள்ளைகள் கல்லூரிக்குக் கீழே இறங்குவார்கள், கணினியும் கூடவே இறங்கும். புறப்படுமுன் பயாஸையும் கார்டையும் கம்பெனி செட்டிங்குக்குத் திருப்பிவிடுங்கள்; கோவை ஹாஸ்டல் அறையின் சூட்டில் மீண்டும் முதலிலிருந்து சோதித்துக்கொள்ளலாம். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே வைத்து மடியில் கொண்டு போங்கள். மேட்டுப்பாளையம் வரையிலான பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டு போவதற்கு அது செய்யப்படவில்லை. வோல்டேஜ், கர்வ், ரேம் வேகம், சோதித்த தேதி, அன்றைய அறைச் சூடு ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, கேபினெட்டின் பக்கக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள்.